சொந்தக் கணினியா, கிளவுடா? வட சென்னை ஆய்வகங்களுக்கு ஒரு ஜீனோம் கணக்கு

ஒரே மாதத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஓட்டேரியில் வசிக்கும் முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர், காசநோய்க் கிருமியின் 96 மாதிரிகளை வரிசைப்படுத்தி, அதாவது டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்க வைத்து, வாங்கி வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். மாதவரத்தில் கால்நடை மரபியல் படிக்கும் மாணவியிடம் கன்னி இனத்து ஆடுகள் நாற்பதின் முழு ஜீனோம் (ஓர் உயிரின் மொத்த டிஎன்ஏ எழுத்துத் தொடர்) இருக்கிறது; ஹார்டு டிஸ்க்கில் வந்து மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பெரம்பூரில் சிறிய பரிசோதனைக்கூடம் நடத்தும் மருத்துவர், வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நோயாளிகளின் எக்ஸோம் (ஜீனோமில் புரதத்தைக் குறிக்கும் பகுதி) பார்க்கிறார். "கிளவுடில் விர்ச்சுவல் மெஷின் எடுத்து ஓட்டுவது நல்லதா, நாமே ஒரு கணினி வாங்கிவிடுவது நல்லதா?" என்பதுதான் மூவரின் கேள்வியும். கிளவுட் என்றால் பெரிய நிறுவனங்களின் கணினியை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பது; அப்படி எடுக்கும் கணினிதான் விர்ச்சுவல் மெஷின்.

மூவருக்கும் மூன்று வெவ்வேறு பதில் சொன்னேன். ஏன் அப்படி என்று விளக்கிச் சொல்லும்போதுதான், இதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. இந்த வேலையில் இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது இதுதான்: பகுப்பாய்வு ஓடுவதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் நாம் பயந்ததைவிடக் குறைவு. கணினி சும்மா இருக்கும்போதும், கோப்புகள் பரணில் தூங்கும்போதும் ஆகும் செலவுதான் ஆளைச் சாய்க்கிறது. அந்தச் சும்மா இருக்கும் செலவு உங்களுக்கு எந்த வழியில் குறைவோ, அந்த வழியைத் தேர்ந்தெடுங்கள்.

## முதலில் எதை அளக்க வேண்டும்

ஜீனோம் என்றாலே பெரிய கணினி என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது எந்த உயிரின் ஜீனோம் என்பதைப் பொறுத்தது. காசநோய்க் கிருமியின் ஜீனோம் 44 லட்சம் எழுத்துகள் மட்டுமே. மனித ஜீனோம் சுமார் 310 கோடி. ஆட்டினுடையது அதைவிடச் சற்றே குறைவு. நூறு மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக நூறு முறை படித்து, வரிசைப்படுத்திய காசநோய் மாதிரி ஒன்று, சுருக்கிய ஃபாஸ்ட்க்யூ (படித்த எழுத்துகள் அடங்கிய மூலக் கோப்பு) கோப்பாக முந்நூறு, நானூறு எம்பிக்குள் அடங்கிவிடும். முப்பது மடங்கு ஆழத்தில் ஒரு மனித மாதிரி எண்பது ஜிபி வரை போகும். எக்ஸோம் என்பது ஜீனோமில் ஒன்றிரண்டு சதவீதப் பகுதி மட்டும் என்பதால் ஐந்து முதல் எட்டு ஜிபி.

அடுத்தது, எத்தனை மாதிரி என்பதைவிட எவ்வளவு அடிக்கடி என்பது. ஆண்டுக்கு ஒரு தடவை நூறு மாதிரி பார்ப்பவரும், வாரத்துக்கு இரண்டு மாதிரி பார்ப்பவரும் ஆண்டுக் கடைசியில் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையைத்தான் முடித்திருப்பார்கள். ஆனால் முதலாமவர் கணினி வாங்கினால் அது பதினோரு மாதம் தூசி படிந்து கிடக்கும்.

மூன்றாவது, உங்கள் இணைய இணைப்பின் மேலேற்றும் வேகம். 100 எம்பிபிஎஸ் என்று விளம்பரத்தில் இருப்பது பல திட்டங்களில் கீழிறக்கும் வேகம். மேலேற்றும் வேகமும் நிஜமாகவே நூறு என்றால் ஒரு டெராபைட் போய்ச்சேர 22 மணி நேரம். அதுவே இருபது என்றால் நான்கரை நாளுக்கு மேல். கிளவுடைப் பற்றிய கணக்கை இந்த எண்ணிலிருந்து தொடங்காதவர்கள் பலர், பாதி வழியில் ஹார்டு டிஸ்க்கும் கையுமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, தரவு யாருடையது. நோயாளியின் ஜீனோம் என்றால், ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதிக் கையெழுத்து வாங்கினீர்கள், நெறிமுறைக் குழு எதற்கு அனுமதி கொடுத்தது என்பவை கணினியின் விலைக்கு முன்னால் வருகின்றன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதில் அசட்டையாக இருக்க முடியாது. ஆட்டின் ஜீனோமுக்கு இந்தக் கவலை இல்லை.

கடைசியாக, பணம் எந்தத் தலைப்பில் வருகிறது. இதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் கல்லூரி ஆய்வகங்களில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். திட்ட நிதியில் உபகரணம் என்ற தலைப்பு இருந்தால் கணினி வாங்குவது எளிது. மாதாமாதம் டாலரில் கணக்கிட்டு வரும் கிளவுட் கட்டணத்தை எந்தத் தலைப்பில் காட்டுவது, கடன் அட்டை யாருடையது, பயன்பாட்டுச் சான்றிதழில் அதை எப்படி எழுதுவது என்று கணக்குப் பிரிவு கேட்கும். அதற்கான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

## ஒரு பார்வையில்

அட்டவணையில் வரும் மூன்று சொற்கள்: ஸ்பாட் என்பது கிளவுட் நிறுவனம் மலிவாகக் கொடுத்து, வேண்டும்போது திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் கணினி; பைப்லைன் என்பது பகுப்பாய்வின் படிகளை வரிசையாகத் தானே ஓட்டும் அமைப்பு; பிராந்தியம் என்பது கிளவுட் நிறுவனத்தின் கணினிகள் இருக்கும் இடம்.

| அளவுகோல் | சொந்தக் கணினி | வழக்கமான கிளவுட் கணினி | ஸ்பாட் கணினியும் பைப்லைனும் | இலவசப் பொதுச் சேவை |
|---|---|---|---|---|
| முதல் செலவு | லட்சங்களில் | இல்லை | இல்லை. அமைக்கச் சில நாள் உழைப்பு | இல்லை |
| ஓட்டும் செலவு | மின்சாரம், ஏசி, பராமரிப்பு | மணிக் கணக்கு | மணிக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே | இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | யூபிஎஸ், காப்பு நகல், பார்த்துக்கொள்ள ஆள் | மறந்துபோன வட்டு, தரவை வெளியே எடுக்கும் கட்டணம் | இவையும், பாதியில் பறிபோகும் வேலையும் | வரிசையில் காத்திருப்பு, இட வரம்பு |
| நோயாளி தரவு | ஏற்றது | இந்தியப் பிராந்தியத்தில், அனுமதியோடு | இந்தியப் பிராந்தியத்தில், அனுமதியோடு | வேண்டாம் |
| பொருந்தும் வேலை | சீராக வாராவாரம் வருவது; சிறிய ஜீனோம் | ஓரிரு பெரிய மாதிரி, பழகிப் பார்ப்பது | ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய பெரிய தொகுதி | கற்பது, பாக்டீரியா, வைரஸ் |

## சொந்தக் கணினி

32 மையம் (செயலியின் கோர்), 128 ஜிபி ரேம், சில டெராபைட் எஸ்எஸ்டி உள்ள ஒரு கணினியை மூன்று லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு அறுபதாயிரம். முழு மூச்சில் ஓடும்போது 500 வாட் இழுக்கிறது என்றால் மாதத்துக்கு 360 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வைத்தால் 3,600 ரூபாய். அதோடு ஏசி ஓட வேண்டும். சென்னை வெயிலில் அந்த அறைக்கு ஏசி இல்லாமல் மே மாதத்தைத் தாண்ட முடியாது.

வட சென்னைக்கென்றே சில செலவுகள் உண்டு. காசிமேட்டுப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் மூன்று ஆண்டு ஓடிய கணினியின் மூடியைத் திறந்தேன். திருகாணிகளின் தலையில் பழுப்பு நிறத் துரு பூத்திருந்தது. மின்விசிறியின் இறக்கைகளில் பிசுபிசுவென்று ஒரு படலம். துடைத்தால் துணி கறுத்தது. உப்புக்காற்றும் லாரிப் புகையும் சேர்ந்து செய்த வேலை. அந்த அறையின் ஜன்னல் கடலைப் பார்த்து இருந்தது. ஜன்னலை நிரந்தரமாக மூடி, கணினியைச் சுவரிலிருந்து ஓர் அடி நகர்த்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய ஆள் ஏற்பாடு செய்த பிறகுதான் அது வெப்பத்தில் தானாக அணைவது நின்றது. தரைத்தளத்தில் வைப்பவர்கள் 2015 வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதையும் அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு வையுங்கள். முதல் மாடியில் இடம் இருந்தால் அதுவே சரி.

மின்சாரம் இன்னொரு கதை. தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு மனித மாதிரியின் பேம் கோப்பை (படித்த டிஎன்ஏ துண்டுகளை ஆதார ஜீனோமில், அதாவது ஒப்பிடுவதற்கான பொது ஜீனோமில், பொருத்திய கோப்பு) வரிசை மாற்றி அடுக்கும் வேலையை மாலையில் தொடங்கிவிட்டுப் போனோம். இரவு பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கியது. காவலாளிக்கு அது கத்துவது கேட்டிருக்கிறது, ஆனால் என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் பெயருக்குப் பின்னால் 0000, 0001 என்று எண் ஒட்டிய தற்காலிகத் துண்டுகள் நூற்றுக்கும் மேல் கிடந்தன. அடுக்கி முடித்த கோப்பு இல்லை. துண்டுகளைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். அதைவிட ஆபத்து, பாதியில் நின்ற கோப்பு முழுமையானது போலவே தோற்றமளிப்பது. இந்தக் கோப்புகளைக் கையாளும் சாம்டூல்ஸ் மென்பொருளில் குவிக்செக் என்றொரு கட்டளை உண்டு. கோப்பின் கடைசிக் குறி இருக்கிறதா என்று நொடியில் சொல்லிவிடும். ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் அதை ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். யூபிஎஸ் வாங்கும்போது, மின்கலம் தீருவதற்கு முன் கணினியை முறையாக அணைக்கும் யூஎஸ்பி இணைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

காப்பு நகலைச் செலவுக் கணக்கில் சேர்க்காதவர்கள் அதிகம். ஒரு வட்டு போனால் மாதிரியைத் திரும்ப வரிசைப்படுத்த ஆகும் பணம் வட்டின் விலையைவிடப் பல மடங்கு. நோயாளியிடம் இன்னொரு முறை ரத்தம் கேட்கவும் முடியாது. இரண்டாவது நகல் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

இத்தனையும் சொன்னாலும், வாராவாரம் சீராக வேலை வரும் இடத்துக்குச் சொந்தக் கணினியைத்தான் பரிந்துரைப்பேன். ஐந்தில் ஒரு பங்கு நேரம் உழைத்தாலே அது தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தரவு வாசலைத் தாண்டுவதில்லை. தவறாக ஓட்டினாலும் பில் ஏறாது. அதனால் மாணவர்கள் பயமில்லாமல் கற்றுக்கொள்கிறார்கள். கடைசியாகச் சொன்ன நன்மைக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை, ஆனால் நான் அதைத்தான் முதலில் வைப்பேன்.

## வழக்கமான கிளவுட் கணினி

வேண்டும்போது திறந்து, முடிந்ததும் மூடிவிடும் கணினி. அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும், ஹைதராபாத்தில் 2022 முதலும் பிராந்தியங்கள் இருக்கின்றன. கூகுளுக்கு மும்பையும் டெல்லியும். மைக்ரோசாஃப்டுக்குப் புனே, மும்பையோடு சென்னையிலேயே ஒன்று உண்டு. சென்னையில் இருக்கிறதே என்று அதையே எடுக்க வேண்டியதில்லை. ஓர் இரவு முழுக்க ஓடும் வேலைக்குச் சில மில்லி நொடி தாமதம் பொருட்டே இல்லை. உங்களுக்கு வேண்டிய வகைக் கணினி அந்தப் பிராந்தியத்தில் கிடைக்கிறதா என்பதே பொருட்டு.

மும்பையில் 16 மையம், 64 ஜிபி ரேம் உள்ள ஒரு கணினிக்குப் பட்டியல் விலை மணிக்குச் சுமார் 0.8 டாலர். இங்கே ஒரு நுட்பம். கிளவுடில் ஒரு மெய்நிகர் மையம் என்பது, இன்டெல் கணினிகளில், நிஜ மையத்தின் ஓர் இழைதான் (ஒரு மையத்துக்கு இரண்டு இழை). பதினாறு என்று எழுதியிருந்தால் உள்ளே எட்டு நிஜ மையங்கள். உங்கள் மேசைக் கணினியின் 32 மையத்தோடு இதை அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

முப்பது மடங்கு ஆழமுள்ள ஒரு மனித மாதிரியை பிடபிள்யூஏ-மெம் நிரல் கொண்டு ஆதார ஜீனோமில் பொருத்தி, ஜிஏடிகே நிரல் மூலம் மாறுபாடுகளை, அதாவது அதிலிருந்து வேறுபடும் இடங்களை, கண்டுபிடிக்க இந்தக் கணினியில் ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அப்படியானால் 20 டாலருக்குள். நூறு மாதிரிக்கு 1,920 டாலர். இதுவரை பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும்.

இனிமேல்தான் கவனம். நூறு மாதிரியின் மூலக் கோப்பும் முடிவுக் கோப்பும் மாதிரிக்கு 100 ஜிபி என்று வைத்தால் பத்து டெராபைட். அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்பில் மும்பை விலை ஜிபிக்கு மாதம் 0.025 டாலர், எனவே மாதம் 250, ஆண்டுக்கு 3,000 டாலர். ஓட்டுவதற்கு ஆனதைவிட ஓராண்டு சும்மா வைத்திருப்பதற்கு அதிகம். சரி, எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாம் என்றால், இணையம் வழியாக வெளியே எடுக்க ஜிபிக்குச் சுமார் 0.11 டாலர், பத்து டெராபைட்டுக்கு 1,100 டாலர். உள்ளே ஏற்றுவது இலவசம். நுழையும்போது கேட்காத காசை வெளியேறும்போது கேட்கும் இடம் இது.

இதற்கு வழி இருக்கிறது. பேம் கோப்பை க்ரேம் என்ற இன்னும் சுருக்கிய வடிவமாக மாற்றினால் இடம் ஏறக்குறைய பாதியாகிறது. மூலக் கோப்பு ஏற்கெனவே உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இரண்டு நகல் இருந்தால், ஓடி முடிந்த அன்றே கிளவுடில் அதை அழித்துவிடலாம். நீண்டகாலம் தூங்க வைக்க வேண்டியதை ஆழ்காப்பக வகைச் சேமிப்பில் போடலாம். மிக மலிவு, ஆனால் திரும்ப எடுக்க மணிக் கணக்கில் காத்திருக்க வேண்டும், 180 நாளுக்கு முன் அழித்தாலும் அந்த 180 நாள் கட்டணம் உண்டு.

சின்னச் சின்னத் துளைகளும் உண்டு. கணினியை நிறுத்திவைத்தால் மணிக் கட்டணம் நிற்கும். அதோடு இணைத்த வட்டின் கட்டணம் நிற்காது. கணினியை அடியோடு நீக்கினாலும், பிறகு தனியாக இணைத்த வட்டுகள் தானாகப் போவதில்லை. எனக்கே இது நடந்தது. ஒரு திட்டம் முடிந்து கணினியை நீக்கிவிட்டேன்; இரண்டு டெராபைட் வட்டு ஒன்று யாரும் தொடாமல் நான்கு மாதம் கிடந்தது. திட்ட நிதியிலிருந்து 700 டாலருக்கு மேல் போய்விட்டது. அந்தப் பணத்தில் ஒரு மாணவருக்கு ஒரு தொகுதி வேதிப்பொருள் வாங்கியிருக்கலாம் என்பது இன்றும் உறுத்துகிறது. அன்றிலிருந்து எந்தக் கணக்கைத் திறந்தாலும் முதல் வேலை, செலவு இத்தனையைத் தாண்டினால் மின்னஞ்சல் வர வேண்டும் என்று எச்சரிக்கை போடுவதுதான். அந்த எச்சரிக்கை செலவைத் தடுத்து நிறுத்தாது, சொல்ல மட்டும் செய்யும்; பில்லும் சில மணி நேரம் பின்தங்கியே வரும். இருந்தாலும் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி, அன்றன்றைக்கு மாறும் டாலர் மதிப்பு.

ஓரிரு மாதிரிக்கு, ஒரு புதிய மென்பொருளைச் சோதிக்க, அல்லது உங்கள் கணினியில் இல்லாத அளவு ரேம் ஒரு நாளைக்கு மட்டும் தேவைப்படும்போது இந்த வழி நல்லது. ஆர்என்ஏ தரவை மனித ஜீனோமில் பொருத்தும் ஸ்டார் நிரலுக்கு முப்பது ஜிபிக்கு மேல் ரேம் வேண்டும்; 16 ஜிபி மடிக்கணினியோடு போராடுவதைவிட இரண்டு டாலர் கொடுத்து முடித்துவிடலாம்.

## ஸ்பாட் கணினியும் பைப்லைனும்

கிளவுட் நிறுவனங்களிடம் யாரும் எடுக்காமல் மிச்சமிருக்கும் கணினிகளை மலிவாகக் கொடுப்பதுதான் ஸ்பாட். பட்டியல் விலையிலிருந்து 90 சதவீதம் வரை தள்ளுபடி என்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு விலை என்று கணக்கிட்டால் ஏமாற்றம் இருக்காது. நிபந்தனை ஒன்று: முழு விலை கொடுப்பவர் வந்தால் உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்கள். அமேசானில் இரண்டு நிமிடம் முன்னறிவிப்பு, கூகுளிலும் மைக்ரோசாஃப்டிலும் முப்பது நொடி.

ஒரே கட்டளைத் தொகுப்பாக எழுதி ஓட்டும் வேலை இதைத் தாங்காது. இருபதாவது மணியில் பறிபோனால் இருபது மணியும் போச்சு. அதனால் ஸ்பாட் எடுப்பவர் பைப்லைன் கருவியைக் கற்றே ஆக வேண்டும். பார்சலோனாவில் பிறந்த நெக்ஸ்ட்ஃப்ளோவும், ஸ்னேக்மேக்கும் இதில் அதிகம் புழங்குபவை. வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, முடிந்த படிகளை நினைவில் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வது இவற்றின் பலம். எந்தப் பதிப்பு மென்பொருள், எந்த வரிசை என்பதும் கோப்பிலேயே எழுதப்பட்டிருப்பதால், இரண்டாண்டு கழித்து ஆய்வேட்டின் தேர்வாளர் கேட்டாலும் பதில் சொல்லலாம்.

நடைமுறையில் தவறும் இடங்களைச் சொல்கிறேன். நெக்ஸ்ட்ஃப்ளோவின் தலைமைச் செயலி ஓடும் கணினியை ஸ்பாட்டில் போடக் கூடாது. அது சிறிய கணினி. முழு விலையிலேயே எடுங்கள், அதிகம் ஆகாது. அது போய்விட்டால், எது முடிந்தது என்ற குறிப்பும் அதோடு போய்விடும். விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லி ரெஸ்யூம் போட்டாலும் முதலிலிருந்து ஓடும். இரண்டாவது, மாறுபாடு கண்டுபிடிக்கும் படியை ஜீனோம் முழுவதற்கும் ஒரே வேலையாக ஓட்டாமல், ஐம்பது துண்டாகப் பிரித்து ஓட்டுங்கள். ஒரு துண்டு பறிபோனால் இழப்பது அரைமணி. மூன்றாவது, பைப்லைன் தன் இடைநிலைக் கோப்புகளை வொர்க் என்ற அடைவில் குவித்துக்கொண்டே போகும். மூலத் தரவைப்போல இரண்டு மூன்று மடங்கு சாதாரணமாக வந்துவிடும். முடிவுகளைச் சரிபார்த்த அன்றைக்கே துடைக்க வேண்டும். ஏழு நாளில் தானாக அழியும்படி சேமிப்பில் ஒரு விதி எழுதிவைப்பது இன்னும் நல்லது.

இன்னும் இரண்டு, தெரிந்தவர்கள் மட்டும் தப்பிக்கும் குழிகள். நெக்ஸ்ட்ஃப்ளோவில் பைப்லைன்களை எழுதிப் பகிரும் என்எஃப்-கோர் குழுவின் ஆயத்தப் பைப்லைன்களில் ஆதார ஜீனோமைப் பெயர் சொல்லி அழைத்தால், அது அயர்லாந்துப் பிராந்தியத்தில் உள்ள ஒரு பொதுச் சேமிப்பிலிருந்து வரும். மும்பையில் ஓட்டுபவர் ஒருமுறை அதைத் தன் சேமிப்புக்கு நகலெடுத்து, அந்த முகவரியைக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கடல் கடந்து வரும். அடுத்தது, பாதுகாப்புக்காகத் தனியார் வலையமைப்பில் கணினிகளை வைத்து நாட் கேட்வே (அந்த வலையமைப்பிலிருந்து வெளியே போகும் வாசல்) வழியாக எஸ்3க்குப் போனால், ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம். எஸ்3க்கு என்று இலவசமாகக் கிடைக்கும் கேட்வே எண்ட்பாயிண்ட் என்ற நேரடி வழியை அமைத்தால் அந்தக் கட்டணமே இல்லை. ஐந்து நிமிட வேலை, நூற்றுக்கணக்கான டாலர் மிச்சம்.

புதிதாகக் கணக்கு தொடங்கியவர்களுக்கு ஒரே நேரத்தில் எத்தனை மையம் எடுக்கலாம் என்பதற்குக் குறைந்த வரம்பே இருக்கும். அதை உயர்த்தக் கேட்டுக் காத்திருக்க வேண்டும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் போய்க் கேட்காதீர்கள்.

நீங்கள் பார்ப்பது பொதுத் தரவு என்றால் யோசனை அப்படியே தலைகீழ். பல நாட்டு மக்களின் ஜீனோமைத் தொகுத்த ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் கோப்புகளும், அமெரிக்காவின் எஸ்ஆர்ஏ என்ற பொது வரிசைத் தரவுக் களஞ்சியத்தின் நகலும் அமேசானின் வடக்கு வர்ஜீனியாப் பிராந்தியத்தில் இருக்கின்றன. அவற்றை மும்பைக்கு இழுக்க வேண்டாம். கணினியை அங்கே திறந்து, முடிவை மட்டும் கொண்டுவாருங்கள்.

## இலவசப் பொதுச் சேவை

கேலக்ஸி என்ற இலவசப் பகுப்பாய்வு இணையத் தளங்களை நம் ஊரில் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். உலாவியிலேயே பைப்லைன் ஓட்டலாம், காசு இல்லை, கட்டளைகள் தெரியாதவரும் ஒரு வாரத்தில் பழகலாம். பதிவு செய்த பயனருக்கு இட வரம்பு உண்டு. கூட்டம் அதிகமான நாட்களில் வரிசையில் நிற்க வேண்டும். ஐரோப்பியத் தளம் ஜெர்மனியின் ஃப்ரைபுர்கிலிருந்து இயங்குகிறது. எனவே நோயாளியின் ஜீனோமை அங்கே ஏற்றுவது நெறிமுறைக் குழுவின் அனுமதியில்லாமல் கூடாது. பாக்டீரியா, வைரஸ், பயிற்சி வகுப்பு ஆகியவற்றுக்குத் தயங்காமல் எடுங்கள்.

## மூவருக்கும் சொன்னது

ஓட்டேரி ஆய்வாளரிடம், "ஒன்றுமே வாங்காதீர்கள்" என்றேன். 96 மாதிரியும் சேர்ந்து நாற்பது ஜிபிக்குள். அவரிடம் எட்டு மையமுள்ள, 16 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி இருக்கிறது. காசநோய்க் கிருமியின் மருந்து எதிர்ப்பைக் கணிக்கும் டிபி-ப்ரொஃபைலர் நிரல் அதில் ஒரு மாதிரிக்குச் சில நிமிடமே எடுக்கும்; ஓர் இரவில் மருந்து எதிர்ப்பு மாறுபாடுகளின் பட்டியல் கைக்கு வந்துவிடும். அவருடைய மாதிரிகள் வளர்ப்பூடகத்திலிருந்து எடுத்தவை என்பதால் மனித டிஎன்ஏ கலப்பு மிகக் குறைவு. சளியிலிருந்து நேரடியாக வரிசைப்படுத்தியிருந்தால், எங்கே ஏற்றுவதற்கு முன்பும் மனிதத் துண்டுகளைப் பிரித்து நீக்கியாக வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். அவர் முகத்தில் முதலில் நம்பிக்கை வரவில்லை. மூன்று மாதமாகக் கிளவுடுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

பெரம்பூர் மருத்துவருக்குச் சொந்தக் கணினி. வாரத்துக்குப் பன்னிரண்டு எக்ஸோம், ஒவ்வொன்றும் கிளவுட் கணினியில் மூன்று மணி நேரம் என்றால் வாரத்துக்கு 36 மணி. முழு விலைக் கிளவுடில் ஆண்டுக்கு 1,500 டாலர் ஆகும். ஐந்தாண்டில் அது கணினி விலையின் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. வேலை நிற்காமல் வருவது, நோயாளி தரவு, அறிக்கை கொடுக்கும் நாள் தவறக் கூடாது என்ற மூன்றும் ஒரே பக்கம் இழுக்கின்றன. இரண்டாவது நகலை மட்டும், மறையாக்கம் செய்து, மும்பைப் பிராந்தியத்தின் ஆழ்காப்பகத்தில் வைக்கச் சொன்னேன். கணினி பழுதாகும் வாரத்தில் ஓட்டுவதற்கு அங்கேயே ஒரு பைப்லைனைத் தயாராக வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும் சொல்லியிருக்கிறேன்.

மாதவரம் மாணவிக்கு ஸ்பாட். நாற்பது ஆடுகள், பதினைந்து மடங்கு ஆழம், ஒன்றரை டெராபைட். ஒரு மாதிரிக்குப் பதினைந்து மணி என்று 600 கணினி மணி. முழு விலையில் 480 டாலர், ஸ்பாட்டில் 160. டாலருக்கு 90 ரூபாய் வைத்து ஜிஎஸ்டியும் சேர்த்தால் பதினேழாயிரம் ரூபாய். அவருடைய திட்டத்தில் இதரச் செலவு என்ற தலைப்பில் இருபதாயிரத்துக்கு மேல் கொஞ்சம் இருக்கிறது. சேமிப்புக்கும் இடம் உண்டு. மூன்று லட்சத்துக்குக் கணினி வாங்கி ஒரு வாரம் ஓட்டிவிட்டு மூடிவைப்பதில் பொருளில்லை. வெளியே எடுத்துவர வேண்டியது மாறுபாட்டுக் கோப்புகள் மட்டும். அவை மாதத்துக்கு 100 ஜிபி என்ற இலவச வரம்பை ஒட்டியே வரும். சிக்கல், ஏற்றுவதில்தான். அவர் வீட்டு இணைப்பின் மேலேற்றும் வேகத்தை அளந்தபோது இருபது எம்பிபிஎஸ் வந்தது. முழுவதும் ஏற ஒரு வாரம் ஆகும். கல்லூரி வலையமைப்பில் இரவு நேரத்தில் ஏற்ற அனுமதி கேட்டிருக்கிறார். கோப்பு வழியில் கெட்டுப்போனால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்ணை ஒவ்வொரு கோப்புக்கும் கணக்கிட்டு வைத்துக்கொண்டு ஏற்றச் சொன்னேன்.

ஆனால் நாற்பதையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். முதலில் ஓர் ஆட்டின் தரவை மட்டும் ஏற்றி, பைப்லைனைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டட்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரண்டு நாள் பொறுத்து, மூன்றாம் நாள் காலையில் செலவுப் பட்டியலைத் திறந்து வரி வரியாகப் படிக்கட்டும். கணினிக்கான வரியைவிட வட்டுக்கும் சேமிப்புக்கும் உள்ள வரி பெரிதாக இருந்தால், மீதி முப்பத்தொன்பதை ஏற்றுவதற்கு முன் அந்தப் பட்டியலோடு என்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன்.